சாய்வில்லாத சாய்தளம்

எங்கள் நகரம் இனி யாரையும் விட்டுவிடுவதில்லை என்று முடிவு செய்தது ஒரு செவ்வாய்க்கிழமை. அன்று காலை பதினொன்றரை மணிக்கு நகரத் திட்ட அலுவலகத்தின் நெற்றியில் ஒரு நீளமான துணிப் பதாகையைக் கட்டினார்கள். "அனைவரையும் உள்ளடக்கிய, நீடித்து நிலைக்கக்கூடிய, கடலோடு இணக்கமான நகரத்தை நோக்கி" என்று அதில் எழுதியிருந்தது. நோக்கி என்ன செய்யப்போகிறோம் என்று எழுதத் துணி போதவில்லை. கடல் காற்றில் ஒரு பக்கக் கயிறு அவிழ்ந்து, பதாகை வாசலில் நின்ற இரண்டு பேரை முகத்தில் அறைந்தது. எனக்குத் தெரிந்து முதன்முதலாக உள்ளடக்கப்பட்டவர்கள் அவர்கள்தான்.

நான் அந்த அலுவலகத்துக்கு நேர் எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். நடுவில் ஒரு தெரு, அவ்வளவுதான் தூரம். அங்கே தும்முவதற்கு விண்ணப்பித்தாலும் மூன்று நகல் கேட்பார்கள். அதனால் நிர்வாகத்தை எளிமையாக்கப் போகிறோம் என்று யாராவது பேச ஆரம்பித்தால் நான் மெஷின் தவணையைக் கணக்குப் போட ஆரம்பித்துவிடுவேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கதை முடிந்த பிறகு "நீ மட்டும் யோக்கியமா?" என்று யாரும் என்னைக் கேட்கக் கூடாது.

என் பக்கத்துக் கடை வாட்ச் அக்காவுடையது. கைக்கடிகாரம், சுவர்க் கடிகாரம், அலாரம் எல்லாம் பழுது பார்ப்பார். சின்ன வயதில் வந்த ஒரு காய்ச்சலில் கால்கள் போய்விட்டன. சக்கர நாற்காலிதான். ஆனால் ஒற்றைக் கண்ணில் லென்ஸை மாட்டிக்கொண்டு அவர் ஒரு பார்வை பார்த்தால், நின்றுபோன கடிகாரம் பயத்திலேயே ஓட ஆரம்பித்துவிடும். எனக்குப் பத்து வருஷமாக ஒரே கைக்கடிகாரம். அது இன்னும் ஓடுவது அக்காவின் தயவு.

அக்காவுக்கு இருந்தது ஒரே ஒரு தொல்லை. எங்கள் கடை வரிசையின் வடிகால் நேராகக் கடலுக்குப் போகிறது. மாதம் இரண்டு தடவை, பௌர்ணமிக்கும் அமாவாசைக்கும் கடல் ஏறும்போது, அந்த வடிகால் எதற்காகக் கட்டப்பட்டோம் என்பதை மறந்துவிட்டுத் திரும்பி ஓடும். அதற்கு ஒவ்வொரு கடை வாசலிலும் ஒரு வாய் உண்டு; கடலுக்குப் பக்கத்தில், தாழ்வாக இருப்பது அக்கா கடை வாசல் வாய்தான். அதனால் கடல் முதலில் வந்து விசாரிப்பது அவரைத்தான். எங்களுக்குக் கணுக்கால் அளவுத் தண்ணீர். அக்காவுக்கு நாற்காலிச் சக்கரத்தில் பாதி, கீழ்த்தட்டுக் கடிகாரங்கள் முழுசாக.

அவர் அழுது புலம்புகிற ஆள் இல்லை. ஒரு இரும்புத் தகடு, கொஞ்சம் ரப்பர், உடைந்த சுவர்க் கடிகாரக் கதவின் இரண்டு கீல். இதை வைத்து ஒரு மூடி செய்துவிட்டார். ஒரு பெரிய தொட்டியில் வைத்து எனக்குக் காட்டவும் செய்தார்.

"தண்ணி வெளிய போறப்போ திறக்கும். உள்ள வர்றப்போ அதுவே மூடிக்கும். வாட்ச்ல ஒரு பல்சக்கரம் இருக்கு பாரு, ஒரு பக்கம்தான் சுத்தும். அதே கணக்குதான் தம்பி."

"பிரமாதம்க்கா. மாட்டிட வேண்டியதுதானே?"

"வடிகால் அவங்களோடது. அனுமதி இல்லாம கை வச்சா பேத்துட்டுப் போயிடுவாங்க. நாலு வரி மனு எழுதியிருக்கேன். மூணு காப்பி போடு."

போட்டேன். நல்ல கருப்பாக விழுந்தது.

தெருவைத் தாண்டி அலுவலகம் போய்ச் சேர்ந்தோம். அங்கேதான் சிக்கல். வெள்ளம் வந்தால் கோப்புகள் நனையக் கூடாது என்று அலுவலகத்தைத் தரையிலிருந்து ஆறடி உயரத்தில் கட்டியிருந்தார்கள். ஏறுவதற்கு ஒன்பது படிகள். நான் மனுவை எடுத்துக்கொண்டு மேலே ஓடினேன். திட்ட அலுவலர் மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு என்னைப் பார்த்தார்.

"மனுதாரர் நேர்ல வந்து, எனக்கு முன்னாடி, பதிவேட்டுல கையெழுத்துப் போடணும். நீங்க மனுதாரரா?"

"இல்ல சார். அவங்க கீழ நிக்கிறாங்க. நிக்கல, உக்காந்திருக்காங்க."

அலுவலர் நல்ல மனிதர். எழுந்து மேல்படி வரைக்கும் வந்து கீழே எட்டிப் பார்த்தார். இருவரும் பேசிக்கொண்டார்கள்.

"சார், பதிவேட்டைக் கொஞ்சம் கீழ கொண்டு வந்தீங்கன்னா போட்டுடுவேன்."

"பதிவேடு கவுண்டரை விட்டு நகரக் கூடாதும்மா."

"அப்போ கவுண்டரையே கீழ ஒரு மேஜை போட்டு..."

"கவுண்டர் கீழ வராதும்மா. கவுண்டர்னா அது ஒரு மேஜை இல்லை. அது ஒரு நிலை."

தெருவில் நாலைந்து பேர் கூடிவிட்டோம். ஆளுக்கொரு சக்கரத்தைப் பிடித்து அக்காவை நாற்காலியோடு தூக்கிவிடலாம் என்றேன். அலுவலர் பதறிப்போய்க் கையை நீட்டித் தடுத்தார்.

"தூக்காதீங்க! தூக்கறது அவங்க கண்ணியத்துக்கு விரோதம். சுற்றறிக்கை வந்திருக்கு."

"என் கண்ணியத்தை நான் பாத்துக்கிறேன் சார், தூக்கட்டும்," என்றார் அக்கா.

"உங்க கண்ணியம் இப்போ எங்க பொறுப்பும்மா." அவர் பதாகையைக் காட்டினார். "இந்த ஒன்பது படியும் உங்களை விலக்கி வச்சிருக்கு. இதை நான் சும்மா விடப்போறதில்லை. சாய்தளம், அதான் ரேம்ப், போடறோம். நீங்க கௌரவமா மேல வந்து மனு குடுக்கறீங்க."

அக்கா என்னைப் பார்த்தார். நான் அக்காவைப் பார்த்தேன். ஒரு மூடிக்காக வந்த இடத்தில் ஒரு ரேம்ப் கிடைத்திருக்கிறது. வாய் கொள்ளாமல் சிரித்துக்கொண்டே வீட்டுக்குப் போனேன்.

அடுத்த மாதம் ஒரு நிபுணர் வந்தார். மூன்று விமானம் மாறி வந்து, புகையைக் குறைப்பது எப்படி என்று சொல்லிக்கொடுக்கிறவர். மூங்கில் பாட்டில், சணல் பை, சாயம் போடாத சட்டை. கடலைப் பார்த்ததும் கண்ணை மூடிக்கொண்டு இரண்டு நிமிஷம் நின்றார். வெயில் கண்ணைக் கூசுகிறது போல என்று நினைத்தேன். அவர் கடலோடு கலந்தாலோசித்துக்கொண்டிருந்தாராம்.

பிறகு எங்களோடு கலந்தாலோசிக்க ஒரு கூட்டம் போட்டார்கள். அழைப்பிதழை நான்தான் நகல் எடுத்தேன். "சக்கர நாற்காலி பயன்படுத்துவோர் கட்டாயம் கலந்துகொள்ள வேண்டும்" என்று தடித்த எழுத்தில் இருந்தது. கூட்டம் நடந்தது மாடியில் இல்லை, அதுவரைக்கும் புண்ணியம். அதே ஆறடி உயரத்து மண்டபத்தில், ஒன்பது படிக்கு மேலே.

அக்கா கீழே, ஜன்னலுக்கு நேராகத் தெருவில் இருந்தார். அலுவலர் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து வருத்தப்பட்டார். "உங்களுக்குன்னு முன்வரிசையில தனி நாற்காலியே போட்டிருக்கோமேம்மா!"

"நாற்காலி என்கிட்டயே இருக்கு சார்," என்றார் அக்கா.

அந்தக் காலி நாற்காலியின் மேல் அவர் பெயரை எழுதி ஒட்டினார்கள். கூட்டம் முழுக்க நிபுணர் அதைப் பார்த்துத்தான் பேசினார். எங்களுக்கு ஆளுக்கு ஒரு கட்டு வண்ணச் சீட்டு. மனதில் பட்டதை எழுதிச் சுவரில் ஒட்ட வேண்டும். மஞ்சள் என்றால் கவலை, பச்சை என்றால் கனவு. ஒருவர் பச்சைச் சீட்டில் "கழிப்பறை எங்கே?" என்று எழுதி ஒட்டினார். அது நகரத்தின் கனவுகளில் பதிவாகிவிட்டது.

நிபுணர் கரும்பலகையில் ரேம்ப் வரைந்தார்.

"ஒரு அடி ஏறணும்னா பன்னிரண்டு அடி நீளம் வேணும். அதுதான் பாதுகாப்பான சாய்வு. நமக்கு ஆறடி. ஆக, எழுபத்திரண்டு அடி."

எல்லோரும் தலையை ஆட்டினார்கள். எனக்குத்தான் திடுக்கென்றது. தெரு முப்பது அடி. மிச்சம் நாற்பத்திரண்டு அடி எங்கே போகும்? நேராக என் கடைக்குள் நுழைந்து, மெஷின் மேல் ஏறி, பின்பக்கச் சுவரை இடித்துக்கொண்டு போகும். என் கடை போகக் கூடாது. அந்த நேரத்தில் அக்கா, மூடி, வடிகால் எதுவும் என் நினைவில் இல்லை.

இங்கேதான் என் தொழில் எனக்குக் கைகொடுத்தது. இருபது வருஷமாக அந்த அலுவலகத்தின் விதிகளை நகல் எடுத்து எடுத்து எனக்கு மனப்பாடம். எழுந்து நின்று சொன்னேன்:

"ஐயா, விதி நாற்பத்தொன்று, உட்பிரிவு இ. கடலோரப் பகுதியில் புதிதாகக் கட்டப்படும் எந்தப் பொதுக் கட்டுமானத்தின் நுழைவாயிலும் வெள்ள மட்டத்துக்குக் கீழே இருக்கலாகாது. வெள்ள மட்டம் ஆறடி. ரேம்ப் பொதுக் கட்டுமானம். அதோட நுழைவாயில் தரையில இருந்தா விதிமீறல்."

ரேம்பை ஒழித்துவிட்டேன் என்று மீசையைத் தடவிக்கொண்டேன். ஆனால் அலுவலகத்தை நான் குறைத்து எடை போட்டுவிட்டேன்.

அலுவலர் மெல்ல எழுந்தார். "அவர் சொல்றது சரிதான். ரேம்ப் ஆரம்பிக்கிற இடமே ஆறடி உயரத்துல இருக்கணும்."

"முடியற இடமும் ஆறடி," என்றார் நிபுணர்.

"அப்போ ஏறவே வேண்டாம்."

"சாய்வே இல்லை!" நிபுணரின் கண்கள் பனித்தன. "சாய்வு பூஜ்யம். உலகத்துலயே பாதுகாப்பான சாய்தளம்!"

கைதட்டல் அடங்க ஐந்து நிமிஷம் ஆயிற்று. நானும் தட்டினேன். என் கடை தப்பித்ததே!

கீழே ஜன்னலுக்கு வெளியே அக்காவின் குரல் கேட்டது. "அதுல எங்க ஏறுறது?"

நல்ல கேள்விதான். அதற்கும் பதில் தேடினார்கள். ஊரில் இயற்கையாகவே ஆறடி உயரமான தரை எங்கே இருக்கிறது என்று வரைபடத்தை விரித்தார்கள். எங்கள் ஊர் தட்டையான ஊர். ஒரே ஒரு மேடுதான் உண்டு, கலங்கரை விளக்கம் நிற்கிற மேடு. அலுவலகத்திலிருந்து நாலு கிலோமீட்டர். ஆகவே ரேம்ப் அங்கே தொடங்கி, ஆறடி உயரத்தில் தூண்களின் மேல் கரையோரமாக வந்து, எங்கள் தெருவில் கடைகளுக்கு முன்னால் திரும்பி, அலுவலக வாசலில் முடியும் என்று தீர்மானமாயிற்று. அலுவலகத்துக்கு எதிரே இருக்கிற அக்கா, தெருவைத் தாண்டுவதற்குப் பதிலாக நாலு கிலோமீட்டர் போய், நாலு கிலோமீட்டர் திரும்பி வந்து, கௌரவமாக மனு கொடுக்கலாம்.

திட்டத்தில் இன்னொரு வரியும் இருந்தது. படிகளை வைத்துக்கொண்டு பக்கத்தில் ரேம்ப் போடுவது வேற்றுமை பாராட்டுவதாகும் என்று நிபுணர் சொன்னார். படி என்பது கால் உள்ளவர்களுக்கு மட்டும் தரப்படும் சலுகையாம். அடுத்த வாரமே ஒன்பது படிகளையும் இடித்தார்கள். ரேம்ப் வேலை ஆரம்பிப்பதற்கு முன்பே இது நடந்தது, ஏனென்றால் இடிப்பதற்கு மட்டும் அவர்களிடம் எல்லா அனுமதியும் தயாராக இருந்தது. அன்றிலிருந்து அலுவலகத்துக்குள் யாராலும் ஏற முடியவில்லை. சமத்துவம் அந்த நிமிஷத்திலேயே முழுமையாக வந்துவிட்டது.

அலுவலக ஊழியர்களுக்குப் பின்பக்கம் ஒரு ஏணி வைத்தார்கள். ஏணி தற்காலிகமானது என்பதால் அது படியின் வரையறைக்குள் வராதாம். மனுதாரர்கள் ரேம்ப் முடியும்வரை பொறுத்துக்கொள்ள வேண்டும் என்று அறிவிப்பு வந்தது. அலுவலருக்கு மட்டும் தினமும் டீ ஜன்னல் வழியாக வாளியில் கயிறு கட்டி மேலே போயிற்று. ஒரு நாள் நான் பொறுக்க மாட்டாமல் கேட்டுவிட்டேன்.

"சார், அந்த வாளியில அக்கா மனுவையும் வச்சு அனுப்பட்டுமா?"

"டீ நேர்ல ஆஜராகணும்னு விதி இல்லை. மனுதாரருக்கு இருக்கு," என்றார் அவர். கயிறு மேலே போயிற்று.

பதினான்கு மாதம் வேலை நடந்தது. பௌர்ணமியும் அமாவாசையும் எண்ணிக்கை குறையாமல் வந்துபோயின. அக்கா ஒவ்வொரு தடவையும் கடிகாரங்களை ஒரு தட்டு மேலே ஏற்றினார். கடைசியில் அவர் தலைக்கு மேலே மட்டும்தான் தட்டு மிச்சம். கை எட்டாத தட்டுக்கு நான்தான் ஏறி எடுத்துக் கொடுப்பேன். ரேம்ப் தூண்களில் ஒன்று வடிகாலுக்குள் பாதி இறங்கி நின்றது. தூணுக்கு இடம் குறித்தவர்கள் வடிகாலை "பயன்பாடற்ற பள்ளம்" என்று வரைபடத்தில் எழுதியிருந்தார்கள். அதற்குப் பிறகு தண்ணீர் கணுக்காலில் நிற்கவில்லை, ஒரு சாண் ஏறிவிட்டது.

"ரேம்ப் முடியட்டும் தம்பி, மூடிக்கு அனுமதி வாங்கிடுவோம்," என்பார் அக்கா. அவருக்கு அது ஒன்றுதான் குறி. அந்த நம்பிக்கையைப் பார்க்கும்போது எனக்கு உள்ளுக்குள் குறுகுறுக்கும். விதி நாற்பத்தொன்று, உட்பிரிவு இ யார் வாயிலிருந்து வந்தது என்று அவருக்குத் தெரியும். ஒரு தடவைகூடக் கேட்டதில்லை.

ரேம்ப் திறந்தார்கள். மறுநாளிலிருந்து ஊருக்கே பைத்தியம் பிடித்துவிட்டது. கடல் காற்று, தட்டையான பாதை, வண்டி கிடையாது. தலைக்கவசமும் கண்ணாடியும் மாட்டிக்கொண்டு சைக்கிளில் ஒரு கூட்டம். கையை வீசி நடக்கிற ஒரு கூட்டம். கடலைப் பார்த்து மூச்சை இழுத்து விடுகிற ஒரு கூட்டம், இழுத்ததைவிட அதிகமாக விட்டார்கள். "இன்னிக்கு ரேம்ப் போனீங்களா?" என்று கேட்பது நாகரிகமாயிற்று. எல்லோர் கையிலும் மூங்கில் பாட்டில். என் மனைவியும் ஒன்று வாங்கி வந்தாள். அது ஒழுகியது. ஒழுகுவதுதான் இயற்கை என்று கடைக்காரர் சொன்னாராம்.

அக்கா மனுவை எடுத்துக்கொண்டு கிளம்பினார். நானும் கூடப் போனேன், மனசாட்சி என்று ஒன்று இருக்கிறதல்லவா, அது கொஞ்சம் நடக்கட்டும் என்று. காலை ஏழு மணிக்குப் புறப்பட்டோம். கீழ்ச் சாலையில் குழி, மணல், ரேம்ப் கட்டி மிஞ்சிய ஜல்லி. மேட்டை அடையவே மூன்று மணி நேரம் ஆயிற்று. மேலே ஏறிய பிறகு நாற்காலி வழுக்கிக்கொண்டு ஓடியது. அக்கா முகத்தில் காற்று பட்டது. "நல்லாத்தான் இருக்கு தம்பி," என்றார். ஆனால் நடக்கிறவர்கள் வழிவிட வேண்டுமே! மூச்சை விடுகிறவர்கள் பாதையை அடைத்துக்கொண்டு நின்றார்கள். "கொஞ்சம் ஓரமாப் போங்க, இது எக்ஸர்சைஸ் பண்ற இடம்," என்று ஒருவர் அக்காவையே அதட்டினார்.

அலுவலகம் போய்ச் சேர்ந்தபோது ஒரு மணி. சாப்பாட்டு இடைவேளை. இரண்டரைக்கு அலுவலர் வந்தார். அக்காவைப் பார்த்ததும் இரண்டு கையையும் கூப்பினார்.

"வந்துட்டீங்களாம்மா! இந்த ஒரு நிமிஷத்துக்காகத்தான் இவ்வளவு பாடும்."

படம் எடுத்தார்கள். பதிவேட்டில் அக்கா கையெழுத்துப் போட்டார். அலுவலர் மனுவைப் பிரித்துப் படித்தார். முகம் மாறியது.

"மூடியா? ஒரே ஒரு கடைக்கா?"

"முதல்ல என் வாசலுக்கு சார். நல்லா வேலை செஞ்சா எல்லார் வாசலுக்கும் நானே செஞ்சு தரேன்."

"அது தப்பும்மா. ஒருத்தருக்கு மட்டும் தண்ணி வராம இருந்தா மத்தவங்களை விலக்கி வச்ச மாதிரி ஆயிடும். நம்ம நகரம் அனைவரையும் உள்ளடக்கியது. வெள்ளமும் அப்படித்தான் இருக்கணும்." கொஞ்சம் யோசித்தார். "ஒண்ணு பண்ணலாம். அக்கம்பக்கத்துக் கடைக்காரங்ககிட்ட ஆட்சேபணை இருக்கான்னு கேட்போம். முப்பது நாள். யாருக்கும் ஆட்சேபணை இல்லைன்னா உடனே அனுமதி."

அக்கா நிம்மதியாக என்னைப் பார்த்துச் சிரித்தார். அக்கம்பக்கம் என்றால் நாங்கள்தானே.

இப்போது சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். ஆட்சேபணைப் படிவம் வந்த அன்று தெருக்காரர்கள் எல்லோரும் என் கடையில் கூடினார்கள். மூன்று நகல் வேண்டுமே. அப்போது யாரோ ஒருவர் சாதாரணமாகக் கேட்டார்: "அங்க அடைச்சா, அந்தத் தண்ணி எங்க போகும்?" எல்லோரும் அவரவர் வாசலைப் பார்த்தோம். எனக்கு என் மெஷின் நினைவு வந்தது. அக்கா எல்லோருக்கும் செய்து தருகிறேன் என்று சொன்னதும் நினைவு வந்தது. ஆனால் முதல் மூடிக்கும் இரண்டாவது மூடிக்கும் நடுவே இந்த அலுவலகத்தில் எத்தனை வருஷம் ஆகும் என்பது மற்றவர்களைவிட எனக்கு நன்றாகத் தெரியும். முதலில் கையெழுத்துப் போட்டது நான்தான்.

மறுநாள் வீட்டில் மனைவி கேட்டாள்.

"அந்தக்கா உங்க வாட்சை எத்தனை தடவ சும்மா பாத்துக் குடுத்திருக்காங்க?"

"அது வேற, இது வேற."

"ஆமா. அது வாட்சு, இது புத்தி. வாட்சை ரிப்பேர் பண்ணிடலாம்."

மனு தள்ளுபடி ஆயிற்று. ஆட்சேபணைகளின் நகல்களோடு தீர்ப்பு அக்காவுக்கு வந்தது. அவர் அதை எடுத்துக்கொண்டு என் கடைக்கு வந்தார். லென்ஸைக் கண்ணில் மாட்டிக்கொண்டு முதல் தாளைப் பார்த்தார்.

"உன் கையெழுத்து நல்லாக் கருப்பா விழுந்திருக்கு தம்பி. நல்ல மெஷின்."

தாள்களை மடித்து மடியில் வைத்துக்கொண்டு திரும்பிப் போனார். ஒரு அறை அறைந்திருந்தால்கூட எனக்குத் தேவலை.

இந்த நேரத்தில்தான் விருது வந்தது. உலகத்தின் எந்த மூலையிலிருந்தோ ஒரு குழு, சாய்வே இல்லாத சாய்தளத்தைக் கேள்விப்பட்டு, பரிசு கொடுப்பதற்கு முன் நேரில் பார்க்க வருகிறது. பயனாளியையும் பார்க்க வேண்டும் என்று எழுதியிருந்தார்கள். ஊரில் ரேம்ப் யாருக்காகக் கட்டப்பட்டது என்று யாருக்கும் நினைவில்லை. கோப்பைத் தேடிக் கண்டுபிடித்தார்கள். அலுவலர் பின்பக்க ஏணியில் இறங்கி அக்கா கடைக்கு ஓடி வந்தார். ஆமாம், இறங்கி வந்தார், பதிவேட்டோடு!

"அம்மா, வர்ற வெள்ளிக்கிழமை நீங்க ரேம்ப் மேல இருக்கணும்."

"இருந்து?"

"சும்மா இருந்தாப் போதும். சந்தோஷமா."

அக்கா கையிலிருந்த கடிகாரத்தை மேஜையில் வைத்தார். "சும்மா இருக்க எனக்குத் தெரியாது சார். அங்க ஒரு கடை குடுங்க. என் வேலையைப் பாத்துட்டு இருக்கேன். வெள்ளிக்கிழமை மட்டும் இல்ல, எல்லா நாளும்."

"அதுக்கு விண்ணப்பம், அப்புறம் ஆட்சேபணை..."

"அப்போ வெள்ளிக்கிழமை எனக்கு உடம்பு சரியில்லை."

அன்று சாயங்காலமே ஒதுக்கீட்டு ஆணை வந்துவிட்டது. ஒரு நகல்கூடக் கேட்கவில்லை. என் வாழ்நாளில் அப்படி ஒரு ஆணையை நான் பார்த்ததில்லை. கலங்கரை விளக்க மேட்டில் அக்காவின் தங்கை வீடு இருக்கிறது. அங்கேயே குடிபோய்விட்டார். அங்கிருந்து கடை வரைக்கும் ஒரே சமதளம். காற்று வாங்கிக்கொண்டு அவர் பாட்டுக்கு வருவார், போவார். இவ்வளவு பெரிய திட்டம் தவறிப்போய் ஒரு ஆளுக்குப் பயன்பட்டுவிட்டது.

ரேம்ப் மேல் அவருடைய புதுக் கடை அமைந்த இடம் என் கடை வாசலுக்கு நேர் மேலே. நான் கையை உயர்த்தினால் அடித்தளம் தட்டுப்படும். நாள் முழுக்கத் தலைக்கு மேல் டிக் டிக் என்று கேட்கும்.

குழு வந்தது, நெகிழ்ந்தது, விருதைக் கொடுத்தது. வாசலில் புதுப் பதாகை கட்டினார்கள். அதற்கு மூன்றாம் நாள் பௌர்ணமி.

அன்று மத்தியானம் கடல் வந்தது. வடிகாலில் பாதியைத் தூண் அடைத்திருந்ததால் தண்ணீர் நிதானமாக வரவில்லை, பீறிட்டுக்கொண்டு வந்தது. அக்காவின் பழைய கடை காலியாக இருந்ததால் அங்கே நிற்காமல் நேராக எங்களைத் தேடி வந்தது. முழங்கால் அளவு. ஒரு கடை பாக்கியில்லை. அலுவலர் ஜீப்பும் பாதி மூழ்கியது, அலுவலகத்தின் பின்பக்க ஏணி மிதந்தே போய்விட்டது. பின்தெருவில் இருக்கிற அவர் வீட்டுக்குள் செருப்புகள் மிதந்து போவதைப் பார்த்தவர்கள் சொன்னார்கள். யாரும் விலக்கப்படவில்லை. என் மெஷின் ஒரு தடவை "கிர்" என்றது. அப்புறம் ஒன்றும் சொல்லவில்லை.

தண்ணீரில் நின்றபடி அண்ணாந்து கத்தினேன்.

"அக்கா! அக்கா!"

ஓரத்துக் கம்பிக்கு மேலே அவர் முகம் தெரிந்தது. ஒற்றைக் கண்ணில் லென்ஸ்.

"என்ன தம்பி?"

"அந்த மூடி! அது மாதிரி எனக்கு ஒண்ணு செஞ்சு குடுங்கக்கா. நாளைக்கு மறுபடி ஏறும். எவன் அனுமதியும் வேணாம், நானே மாட்டிக்கிறேன்!"

"செஞ்சு தரேனே. மனு எழுதிட்டு வா. நேர்ல வந்து கையெழுத்துப் போடணும்."

"இதோ, கை எட்டுற தூரத்துலதானேக்கா இருக்கீங்க! ஒரு கயிறு விடுங்க..."

"கவுண்டர் கீழ வராது தம்பி," என்றார் அக்கா. குரலில் கோபமே இல்லை. அப்புறம் நாற்காலியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்.

முழங்கால் தண்ணீரில் நாலு கிலோமீட்டர். மேட்டுக்குப் போய்ச் சேர்ந்தால் அங்கே ரேம்ப் ஏறி அக்கா கடைக்குப் போக ஏற்கெனவே ஒரு நீண்ட வரிசை. எங்கள் தெரு மொத்தமும் நின்றது. ஆட்சேபணையில் கையெழுத்துப் போட்ட அதே வரிசையில்தான் நின்றார்கள் என்று சொல்லலாம், என்னைத் தவிர. எனக்கு முன்னால் நின்றவர் காற்சட்டையை முட்டிக்கு மேல் சுருட்டிக்கொண்டு, கையில் ஒரு மனுவை நனையாமல் தலைக்கு மேலே பிடித்திருந்தார். என் செருப்புச் சத்தம் கேட்டுத் திரும்பினார். திட்ட அலுவலர்.

"நல்லவேளை, வந்தீங்க," என்றார் அவர். "அவங்க மூணு காப்பி கேக்கறாங்களாம். எங்க போடலாம்?"